படிவம் 1 மகனுக்குக் கணக்கில் 34, எந்த டியூஷனில் சேர்ப்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணக்கில் நல்ல பிள்ளை. இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 1, அரையாண்டுச் சோதனையில் கணக்கு 34, ஆங்கிலம் 41. அப்பா லாரி ஓட்டுகிறார், நீங்கள் ராவாங் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் நடக்கிற டியூஷனா, வீட்டுக்கு ஆள் வைப்பதா, கைப்பேசியில் ஆன்லைன் வகுப்பா? மாதம் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் முடியாது. இவ்வளவுதானே?

நானும் உங்களைப்போல மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாதான். 2007இல் பெயர் மாறுவதற்கு முன்பு, அது பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்திலிருந்தே இங்கே டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன் (வயதானவர்கள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், எனக்கும் வாயில் அதுதான் வருகிறது). முதலில் கடைவீட்டு மாடி, இப்போது வீட்டு முன்கூடத்தில் ஒரு நேரத்துக்கு ஆறு பிள்ளைகள். ஆக எனக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நேராகவே சொல்கிறேன். எந்த டியூஷன் என்று இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். 34 மார்க் வாங்கி என்னிடம் வருகிற பையன்களில் மூன்று வகை உண்டு. ஒருவனுக்குக் கணக்கு தெரியும், கேள்வியில் இருக்கிற மலாய் புரியவில்லை. இன்னொருவனுக்குப் பின்னம் எப்போதோ கை நழுவிப் போய்விட்டது, மேலே கட்டுகிற எல்லாம் ஆடுகிறது. மூன்றாமவனுக்கு வாய்ப்பாடே வரவில்லை, 7 தடவை 8 கேட்டால் விரலைப் பார்க்கிறான். இந்த மூன்று பேரையும் ஒரே மாடியில் உட்கார வைத்து "இன்றைக்கு ஐந்தாம் பாடம்" என்று தொடங்கினால் மூன்று பேருக்கும் ஒன்றும் ஏறாது. உங்கள் மகன் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை என்று எனக்குச் சந்தேகம். தமிழ்ப்பள்ளியில் நன்றாக இருந்தவன் ஆறு மாதத்தில் திடீரென்று மடையனாகிவிட மாட்டான்.

யோசித்துப் பாருங்கள், ஆறு வருஷம் அவன் கணக்கைத் தமிழில் படித்திருக்கிறான். பின்னம், தசமம், விழுக்காடு, பரப்பளவு, சுற்றளவு, எல்லாம் தமிழ்ச் சொல். படிவம் 1 போன முதல் நாளே எல்லாம் மலாயில், பெச்சாஹான், பெர்புலூஹான், பெராத்துஸ், லுவாஸ். ஒரு நாளில் பாதை மாறிவிட்டது, சொல்லுக்குச் சொல் பாலம் போட்டுக்கொடுக்க யாரும் இல்லை. பள்ளி ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, அந்த வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். சில சொற்கள் நமக்கு லேசு. பாக்கி நமக்கும் பாக்கிதான், கெடாய் என்பதும் நம் கடையே. ஆனால் பேசா என்றால் வித்தியாசம், செத்தியாப் என்றால் ஒவ்வொன்றும், ஹாசில் டாராப் என்றால் பெருக்கி வரும் விடை. இதெல்லாம் தெரியாதவன் கேள்வியில் இருக்கிற எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கூட்டலாமா கழிக்கலாமா என்று குத்துமதிப்பாக ஏதோ செய்வான். சில சமயம் சரியாகவும் வந்துவிடும், அதுதான் ஆபத்து.

பின்னத்தில் ஒரு தனிக் கூத்து இருக்கிறது. 3/4 என்பதை நாம் தமிழில் "நான்கில் மூன்று" என்று படிக்கிறோம், கீழே இருப்பதை முதலில் சொல்கிறோம். மலாயில் "தீகா பெர் எம்பாட்", மேலே இருப்பது முதலில். அதாவது, காதில் விழுகிற வரிசை தலைகீழ். சில வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், பெட்டியில் 48 ஆரஞ்சு, அதில் நான்கில் மூன்று பகுதி விற்றாயிற்று என்ற கணக்குக்கு 4/3 என்று எழுதி, 48ஐ 3ஆல் வகுத்து 4ஆல் பெருக்கி, 64 ஆரஞ்சு விற்றதாகப் போட்டிருந்தான். பெருக்கல், வகுத்தல் இரண்டும் சுத்தம். "ஏன்டா, பெட்டியிலேயே 48தானே இருந்தது?" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த 64ஐயே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் சிரித்துவிட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு வாரம், கேட்டதை எழுதும் பழக்கம், அவ்வளவுதான். அவன் அம்மாவோ ஒரு வருஷ டியூஷனுக்குப் பணம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

(தமிழில் எண்ணே ஒரு சோதனைதான். 90க்குத் தொண்ணூறு, 900க்குத் தொள்ளாயிரம் என்கிறோம். தொண்ணூற்றில் நூறு மாதிரி ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரமே இருக்கிறது. மலாயில் செம்பிலான் புலோ, செம்பிலான் ராத்துஸ் என்று ஒழுங்காகப் போகும். சொல்லி எழுதச் சொல்லும்போது 907ஐ 9007 என்று எழுதுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தமிழ்ப்பள்ளி தப்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், என் பிள்ளைகள் இரண்டும் தமிழ்ப்பள்ளிதான்.)

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து நிமிட வேலை, உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. லீவு நாளில், அவன் பசியாறின பிறகு, தூக்கக் கலக்கம் இல்லாத நேரத்தில் ஒரு தாள் கொடுங்கள். முதலில் மலாயில் எழுதிய கணக்கு ஒன்று: "டாலாம் செபுவா கோத்தாக் அடா 48 பிஜி ஓரேன். தீகா பெர் எம்பாட் டாரிபாடா ஓரேன் இத்து தெலா டிஜுவால். பெராப்பா பிஜி யாங் திங்கால்?" (பெட்டியில் 48 ஆரஞ்சு, நான்கில் மூன்று பங்கு விற்றாயிற்று, மீதி எத்தனை?) விடை 12. உதவி செய்யாதீர்கள். அப்புறம் வாயால் தமிழில் இன்னொன்று சொல்லுங்கள், எண்ணை மாற்றி: 60 ரம்புத்தான் இருந்தது, ஐந்தில் இரண்டு பங்கைத் தம்பி தின்றுவிட்டான், மீதி எத்தனை? விடை 36. மூன்றாவது வெறும் எண்: 7 × 8, 72 ÷ 8, 56 ÷ 7, 6 × 9, தாளில் கணக்குப் போடாமல் டக்கென்று. கடைசியாக 1/2 + 1/3 எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். 5/6 வர வேண்டும்.

தமிழில் சரியாகச் சொல்லி மலாயில் விட்டால் அவனுக்கு வேண்டியது பாதி மலாய் டியூஷன், கணக்கு டியூஷன் இல்லை. இரண்டிலும் விட்டு, கடைசியில் 2/5 என்று எழுதினால் (மேலேயும் கூட்டி கீழேயும் கூட்டி, பத்தில் ஏழு பேர் என்னிடம் இதைத்தான் எழுதுகிறார்கள்) பின்னம் போய்விட்டது, நான்காம் ஆண்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டும். மூன்றாவதில் தடுமாறினால் வாய்ப்பாடு. அதற்கு யாருக்கும் வெள்ளி கொடுக்காதீர்கள், தினமும் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அப்பாவே கேட்கலாம். மூன்று மாதத்தில் வந்துவிடும், வெட்கப்படாமல் செய்தால்.

"நான்காம் ஆண்டுக்கா, அவன் படிவம் 1 ஆச்சே" என்று உங்களுக்குத் தோன்றும். எல்லாப் பெற்றோரும் இங்கேதான் தவறுகிறார்கள், டியூஷன் நடத்துகிறவர்களும். பெற்றோர் கேட்பது "பள்ளியில் நடக்கிற பாடத்துக்கு முன்னாலேயே போங்கள்" என்று. நாங்களும் போகிறோம், ஏனென்றால் அப்படிப் போனால்தான் அடுத்த மாதமும் பிள்ளை வரும். நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். கடைவீட்டு மாடியில் இருந்தபோது ஒரு வகுப்புக்கு 28 பேர். பின்வரிசையில் ஒரு பையன், நோட்டு முத்து முத்தாக இருக்கும், கரும்பலகையில் நான் எழுதுவதெல்லாம் வரி பிசகாமல் இருக்கும். அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி அந்தக் காசைக் கொண்டுவந்து கொடுப்பார். எட்டு மாதம் "நல்லாத்தான் செய்றான்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கை அவனாகப் போடச் சொன்னபோதுதான் தெரிந்தது, வகுத்தலே தெரியாது. எட்டு மாதமும் அவன் எழுதியது என் கணக்கு. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் மாடியை விட்டேன்.

படிவம் 1 கணக்குப் புத்தகத்தில் 13 பாடங்கள் இருக்கின்றன. முதல் பாடமே நொம்போர் நிஸ்பா, அதாவது குறை எண், பின்னம், தசமம் மூன்றையும் கலக்கிப் போட்டு ஆட்டுவது. அதைத் தாண்டி விகிதம், இயற்கணிதம், சமன்பாடு, கடைசியில் பைத்தாகரஸ். பின்னம் இல்லாதவன் முதல் பாடத்திலேயே விழுந்து, விழுந்த இடத்தில் எழுந்திருக்காமலேயே மற்ற பன்னிரண்டையும் கடந்துவிடுகிறான்.

குறை எண்ணுக்கு நான் வைத்திருக்கிற வழி ஒன்றைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். –3 – 5 கேட்டால் பிள்ளைகள் 8 என்பார்கள், "ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ் டீச்சர்." அது பெருக்கலுக்கு உள்ள விதி, எங்கேயோ கேட்டதை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். நான் 555 புத்தகத்தை எடுப்பேன். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அந்தச் சின்ன நோட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். திங்கட்கிழமை 3 வெள்ளிக்கு ரொட்டி, கடன். செவ்வாய்க்கிழமை 5 வெள்ளிக்கு முட்டை, அதுவும் கடன். இப்போது உன் கையில் 8 வெள்ளி இருக்கிறதா, இல்லை 8 வெள்ளி கடன் இருக்கிறதா? ஒரு பயலும் தப்பாகச் சொன்னதில்லை. –8. புதன்கிழமை அப்பா 10 வெள்ளி கட்டினார், –8 + 10, கடைக்காரரிடம் நம் காசு 2 வெள்ளி நிற்கிறது. கடைக்காரர் "போனா போவுது, அந்த முட்டைக் கடனை அடிச்சிடு" என்று 5ஐ அடித்தால்? கடனைக் கழிப்பது, அதாவது மைனஸைக் கழிப்பது. நமக்கு 5 கூடுகிறது. ரெண்டு மைனஸ் எப்போது பிளஸ் ஆகும் என்பது அங்கே தானாக விளங்கும்.

ஒரு விஷயம் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்: அவன் வகுப்பு மலாயிலா ஆங்கிலத்திலா கணக்கு படிக்கிறது? 2016இலிருந்து சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் இருக்கிறது, அதில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். 2003இல் நீங்கள் இடைநிலைப்பள்ளியில் நுழைந்தவர் என்றால் உங்களுக்கே கணக்கு ஆங்கிலத்தில்தான் நடந்திருக்கும், அதனால்தான் இப்போது மகன் புத்தகத்தைத் திறந்தால் உங்களுக்குப் பிடி கிடைக்காது. நீங்கள் படித்தது வேறு மொழி, அவன் ஆறு வருஷம் படித்தது வேறு மொழி, புத்தகம் இன்னொரு மொழி. வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள், மூன்று பத்தி: தமிழ், மலாய், ஆங்கிலம். புதிதாக வருகிற ஒவ்வொரு கணக்குச் சொல்லையும் அவனே எழுதட்டும். ஒரு பாடத்துக்குப் பதினைந்து சொல் கூட வராது. டியூஷன் ஆசிரியர் யாராக இருந்தாலும் அந்த நோட்டைத் தொடர்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது ஆங்கிலம். இதில் என் கருத்து கொஞ்சம் வேறு, எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலம் வளர வீட்டில் தமிழை நிறுத்து என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அனுபவத்தில் நேர்மாறு.

முதலில் வாசிப்பைப் பாருங்கள். மலாய் எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தையும் அதே மாதிரிதான் கூட்டும். மலாயில் சி என்ற எழுத்துக்கு ச ஒலி. பூனைக்கான சி-ஏ-டியைச் "சாட்" என்று படிக்கும், மலாயில் அது சாயம். எம்-ஏ-ஐ-என் என்றால் மாயின், விளையாடு. ஏ-ஐ-ஆர் என்றால் ஆயேர், தண்ணீர். "காற்று வீசுகிறது" என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, தண்ணீர் எங்கே டீச்சர் வந்தது என்று கேட்ட பெண்ணும் உண்டு. படிவம் 1 பையன் இந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பான் என்று நினைக்காதீர்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லாததால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எல்லாச் சொல்லும் தெரிய வேண்டாம், அவன் எங்கே நின்று விழுங்குகிறான் என்பது காதுக்குத் தெரியும்.

வாக்கியத்துக்கு வருவோம். "யெஸ்டர்டே ஐ கோ டு பாசார்" என்று எழுதுகிறவன் மலாயில் நினைக்கிறான். செமாலாம் சாயா பெர்கி, ஏசோக் சாயா பெர்கி. நேற்றும் பெர்கிதான், நாளைக்கும் பெர்கிதான், வினை அசையாது. தமிழில் அப்படி எழுத முடியுமா? நேற்று போனேன், நாளைக்குப் போவேன். காலம் மாறினால் வினை மாறும் என்பது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ரத்தத்தில் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், அதைத் தட்டி எழுப்பினால் போதும். அவன், அவள் வித்தியாசமும் அப்படியே. மலாயில் இரண்டுக்கும் டியா ஒன்றுதான், அதனால்தான் "மை சிஸ்டர், ஹி இஸ்" என்று எழுதுகிறார்கள். பெரிய வீடு என்பது ஆங்கிலத்திலும் அதே வரிசை, மலாயில் ரூமா பெசார் என்று திரும்பிவிடும். அதே சமயம் நான் சோறு சாப்பிடுகிறேன் என்பதில் தமிழ் உதவாது, வினை கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே சாயா மாக்கான் நாசி என்ற மலாய் வரிசைதான் ஆங்கில வரிசை. ஆக வாக்கிய வரிசைக்கு மலாயைப் பிடி, காலத்துக்கும் ஆண்பால் பெண்பாலுக்கும் தமிழைப் பிடி என்று சொல்லித்தருகிறேன். இரண்டிலும் இல்லாதது ஏ, தி போடுகிற விவகாரம், அது வாசித்து வாசித்துத்தான் வரும், வருஷக்கணக்கில். அதற்காகச் சிவப்பு மையால் தாளை நிரப்புகிற டியூஷன் வேண்டாம்.

பள்ளி ஆங்கிலப் புத்தகங்கள் 2018இலிருந்து வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் வருகிற தெருவும் கடையும் சாப்பாடும் நம் பிள்ளை பார்த்ததில்லை, சொல்லும் புதிது பொருளும் புதிது. அதனால் நான் முதல் மூன்று மாதம் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. நேற்று என்ன நடந்தது, ஐந்து வாக்கியம். ஒருவன் லயத்து வீட்டுப் பின்னால் உடும்பு வந்ததை எழுதினான், இரண்டு வாரம் அந்த உடும்பே ஓடியது, அதற்குள் இறந்தகாலம் முழுக்க முடிந்துவிட்டது.

பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது, பி.டி.3 தேர்வும் அடுத்த வருஷம் போனது. முன்பு பன்னிரண்டு வயதில் ஒன்று, பதினைந்து வயதில் ஒன்று என்று பொதுத்தேர்வு வந்து பெற்றோரை எழுப்பிவிடும். உங்கள் மகன் அதெல்லாம் எழுதாமல் வந்தவன். பள்ளி கொடுக்கிற டி.பி. என்ற 1 முதல் 6 வரையிலான தேர்ச்சி நிலையைப் பார்த்து, 3 என்றால் பாதி வந்துவிட்டான் போல என்று பல பேர் விட்டுவிடுகிறார்கள். 34 என்று ஒரு எண் கண்ணில் பட்டதே உங்களுக்கு நல்லது. படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வுக்கு அவனுக்கு நான்கு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, பழைய கேள்வித்தாள் கட்டை இப்போதே தூக்கிக் கொடுக்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

ஆனாலும் அங்கே என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. கணக்கில் முதல் தாள் 40 கேள்வி, விடையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மார்க், அதில் வழிமுறைக்குத் தனி மார்க் உண்டு. விடை தப்பானாலும் வழி சரியென்றால் கொஞ்சம் கிடைக்கும், விடையை மட்டும் எழுதினால் கிடைக்க வேண்டியதும் போகும். ஆகவே இப்போதிருந்தே வரி வரியாக எழுதுகிற பழக்கம் வேண்டும். ஆங்கிலம் நான்கு தாள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். எழுத்துத் தாளில் 80 வார்த்தை மின்னஞ்சல் ஒன்று, 125 முதல் 150 வார்த்தை வரை ஒன்று, 200 முதல் 250 வரை ஒன்று. பேச்சுத் தேர்வில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள், ஐந்து வருஷமாக டியூஷனில் இலக்கணப் பயிற்சி மட்டுமே நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை அங்கே போய் எப்படிப் பேசும்?

இனி உங்கள் கேள்வி. 150 வெள்ளி. நான் ஒரு பாடத்துக்கு மாதம் 50 வெள்ளி வாங்குகிறேன், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். பட்டணத்தில் கூடக் குறைய இருக்கும், கேட்டுப் பாருங்கள். கணக்குக்கு எட்டுப் பேருக்கு மிகாத சிறு வகுப்பு, தமிழும் மலாயும் சரளமாகத் தெரிந்த ஆசிரியர். தமிழ் மட்டும் போதாது, மலாய் மட்டும் என்றால் பள்ளியே போதுமே. ஆங்கிலத்துக்கு நம் ஊரிலேயே யுனிசெல் இருக்கிறது, பல்கலைக்கழக மாணவி யாராவது வாரம் ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து பையனோடு பேசி, வாசிக்க வைத்தால் போதும். பட்டதாரி ஆசிரியர் தேவையில்லை, ஒழுங்காக வருகிற பிள்ளையாக இருக்க வேண்டும், நீங்களோ பாட்டியோ வீட்டில் இருக்கிற நேரமாக இருக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சரி. பின்தங்கியவன் கேமராவை மூடிவிட்டுத் தூங்குவான், பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு வருஷம் அதைத்தானே பார்த்தோம்.

மையம் என்றால் கல்வி அமைச்சில் பதிந்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மூன்று மாதம் முன்பணம் கேட்டால் மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். எங்கள் தெருவிலேயே ஓரிடத்தில் முன்பணம் வாங்கிய இரண்டாம் மாதம் கதவு மூடியிருந்தது. நேரத்தையும் பாருங்கள். விடியற்காலை வேன் ஏறுகிற பிள்ளைக்கு இரவு 8.30க்கு வகுப்பு வைத்தால் உடம்புதான் அங்கே உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் அல்லது சனிக்கிழமை காலை.

காசு இறுக்கமாக இருந்தால் இன்னும் வழி உண்டு. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாட்டில் பல இடங்களில் நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். சிலாங்கூர் அரசின் மக்கள் டியூஷன் திட்டம் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு, அவன் மேல் படிவம் போகும்போது பள்ளியில் கேளுங்கள். கோயில் மண்டபங்களில் நடக்கும் இலவச வகுப்புகளும் இருக்கின்றன, சிலது அருமை, சிலது படம் பிடித்துக்கொள்ள நடத்துவது. இரண்டு வாரம் அனுப்பினால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்பு கண் பரிசோதனை. சிரிக்காதீர்கள். "கவனமே இல்லை" என்று பள்ளியில் சொல்லி அனுப்பிய ஒரு பெண்ணுக்கு நான் வெள்ளைப்பலகையில் எழுதியது தெரியவே இல்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட மாதமே பாதிப் பிரச்சினை போனது.

சோதனையை வருகிற சனிக்கிழமை செய்யுங்கள். தப்பாக எழுதினால் திட்டாதீர்கள், அடித்து எழுதியதை அழிக்கவும் விடாதீர்கள், அந்தத் தாள் அப்படியே வேண்டும். எந்த டியூஷனுக்குப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். வாங்கிப் பார்த்து, இங்கே ஏன் இப்படிப் போட்டாய் என்று பையனிடம் கேட்கிறவரிடம் ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம். தாளை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு "சேர்த்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ரசீது புத்தகத்தை எடுக்கிறவராக இருந்தால், அது நானாகவே இருந்தாலும், நன்றி சொல்லிவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள்.